எப்போது நிறுத்துவது?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அமெரிக்காவிலோ பாம்பைச் செல்லமாக வளர்த்து, ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்கச் செய்யும் வீடுகள் பல உண்டு. அவர்களுக்குப் பிரியமானவற்றுள் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சாதுப் பிராணி அது.

குளிர்காலத்தில் ஆணைச் சில தினங்கள் பெண்ணின் பெட்டியில் விடுவார்கள், பிரிப்பார்கள், மறுபடியும் விடுவார்கள். இப்படியே மாதங்கள் செல்லும். "இன்னும் ஒரு தடவை" என்கிறது ஆசை. ஆணோ இரையை மறந்து மெலிந்துகொண்டே போகிறது. எப்போது நிறுத்துவது?

விடையைப் பெண்ணின் உடலே சொல்லிவிடுகிறது. சினைமுட்டைகள் சினைப்பையிலிருந்து விடுபடும் சமயத்தில், பெரிய இரையை விழுங்கியதுபோல் அதன் நடுவுடல் புடைக்கும். சுமார் ஒரு நாளில் வடிந்துவிடும். அதைக் கண்டதும் ஆணை அகற்றிவிட வேண்டும். இனிச் சேர்ப்பதால் பயனில்லை. பெண்ணுக்குத் தொந்தரவே மிச்சம். ஏறக்குறைய 3 வாரத்தில் அது சட்டை உரிக்கும். அதன்பின் சுமார் 30 நாளில் முட்டையிடும்.

புடைப்பைக் காணவே இல்லையென்றால்? ஆணின் எடை குறைந்துகொண்டே வருமானால், அவ்வருஷத்துக்கு அதை ஓய்வில் விடுவதே தர்மம். வாயில்லா ஜீவனை வளர்க்க முன்வருகிற நாம், முதலில் நம் ஆசைக்கு அளவு வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?