நாலு சில்லும் இழுத்தால் போதுமா?

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபின், கார் வாங்க நினைக்கும் இளைஞர்களின் பேச்சில் ‘ஃபோர்வீல்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. வேலைக்கும் போக வேண்டும், விடுமுறையில் நுவரெலியா வளைவுகளில் உற்சாகமாக ஓட்டவும் வேண்டும் என்பவர்களுக்கு அது கவர்ச்சியான சொல்தான். ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொறிமுறைகள் இருக்கின்றன. விற்பவர் பெரும்பாலும் அதைப் பிரித்துச் சொல்வதில்லை.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் போன்றவற்றில் எஞ்சினின் பலம் எப்போதும் நான்கு சில்லுகளுக்கும் போகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது அக்சிலேட்டரை மிதித்தால் கார் வீதியைப் பற்றிக்கொண்டு பாயும் அந்த உணர்வு இவற்றுக்கே உரியது. ஹொண்டா வெசலின் நாலு சில்லு மொடல் வேறு வகை. வழமையாக முன்சில்லுகளே இழுக்கும். தேவை வரும்போது ஒரு கிளட்ச் பின்சில்லுகளுக்கும் பலத்தைப் பகிரும். மூன்றாவது டொயோட்டாவின் ஈ-ஃபோர். பின்னால் தனியாக ஒரு மின்மோட்டர் மட்டும். 2015இல் வந்த பிரியஸில் அதன் வலு ஏழு குதிரைவலுவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பனியில் நிற்கும் காரை நகர்த்த அது போதும். ‘ஸ்போர்ட்டி’ என்று சொல்லி அதற்கு மேலதிகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாலு சில்லு இழுவை காரை நகர்த்தத்தான் உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சில்லுகளிலும்தான் இருக்கிறது. மழையில் ஹட்டன் வீதியில் இறங்கும்போது உங்களைக் காப்பது டயர். இந்த இழுவைக்காக 50 முதல் 100 கிலோ வரை கூடுதல் எடையையும் கார் சுமக்கிறது. ஈர வீதியிலும் சுலபமாக வேகம் எடுப்பதால் வழுக்கலை ஓட்டுநர் உணர்வதே இல்லை; ஆபத்து அங்கேதான். மணிக்கு 70 கிலோமீற்றரில் தேவைப்படும் பிரேக் தூரம் 100இல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். என் கணக்கில், தேய்ந்த டயரோடு ஓடும் நாலு சில்லுக் காரைவிட நல்ல டயர் போட்ட சாதாரண ஸ்விஃப்ட் பாதுகாப்பானது.

டயர்தான் செலவும். நிரந்தர நாலு சில்லுக் காரில் நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதென்றால் அதன் சுற்றளவு கூடி, நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். ஒரு டயர் வெடித்ததற்கு நான்கு டயர் வாங்க நேரிடலாம். மாதத் தவணையோடு சேர்த்து இதையும் கணக்கிட வேண்டும்.

உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டுமென்றால், எஞ்சின் கொள்ளளவோடு ஏறும் வரியால் இரண்டு லீற்றர் டர்போவைப் புதிதாக இறக்குவது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. பழைய கார்களை இறக்கவும் வயதெல்லை உண்டு. எஞ்சுவது ஏற்கெனவே இங்கே பதிவான டபிள்யூஆர்எக்ஸும் எவலூஷனும். அவற்றில் பல ‘மொடிஃபை’ செய்யப்பட்டவை. தொழிற்சாலை நிலையிலேயே இருக்கும் காரைத் தேடுங்கள். ஜப்பானின் உயர்ரகப் பெற்றோலுக்கென அமைந்த இந்த எஞ்சின்களுக்கு 92 ஒக்ரேன் ஒத்துவராது. பழைய சுபாரு டர்போவின் டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். ஆகவே மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

வாங்குமுன் ஒரு வெறும் திடலில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பிரேக் பிடித்ததுபோல் கார் முரண்டு பிடித்தால், டயர்கள் பொருந்தவில்லை அல்லது நடு டிஃபரன்ஷியலில் கோளாறு. பிறகு கராஜில் காரைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஜப்பானில் நாலு சில்லுக் கார்களை அதிகம் வாங்குவது ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசத்தவர்கள். அங்கே பனி உருக வீதிகளில் தூவும் உப்பு, மேற்பூச்சு பளபளக்கும் காரின் அடித்தகட்டைக்கூடத் துருவேற்றியிருக்கும்.