குரோட்டன்: கதவில்லா அறைகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1884இல் 27 மாணவர்களோடு குரோட்டன் என்ற இந்த விடுதிப் பள்ளி தொடங்கியது. நிறுவியவர் எபிஸ்கோபல் திருச்சபையின் குருவானவர் எண்டிகாட் பீபாடி. 1940 வரை, 56 ஆண்டுகள் அவரே தலைமையாசிரியர்.

வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இங்கே கிடைத்ததோ ஒரு சிற்றறை, அதில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, துணி வைக்க ஓர் அலமாரி. அந்தச் சிற்றறைக்குக் கதவு இருக்கவில்லை, திரை மட்டுந்தான். விடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியல், பிறகு சிற்றாலய வழிபாடு, அதன்பின் லத்தீன், கிரேக்கம், கணிதம். மாலையில் எல்லோரும் மைதானத்தில். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பீபாடி பாடங்களுக்கு இணையாகவே மதித்தார்.

இரவு படுக்கும் முன் ஒவ்வொரு மாணவனும் வரிசையில் வந்து பீபாடியிடமும் அவர் மனைவியிடமும் கைகுலுக்கி விடைபெற வேண்டியிருந்தது. கண்டிப்பு மிகுந்த அந்த நாளில் கனிவான நேரம் அதுதான். 1896இல் 14 வயதில் சேர்ந்த, பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பெற்றோருக்கு அடுத்தபடியாகத் தம்மை உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதியரே என்று பின்னாளில் எழுதினார். 1905இல் அவருடைய திருமணத்தை நடத்திவைத்தவரும் பீபாடியே.

பள்ளி வளாகத்தில் உயர்ந்து நிற்கும் புனித யோவான் சிற்றாலயத்தை வடிவமைத்தவர் ஹென்றி வான். பள்ளிக் கட்டடத்தின் உள்ளே, படித்து முடித்தவர்களின் பெயர்கள் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டுள்ளன, நின்று வாசியுங்கள். தொடக்கத்தில் அவை ஆண்களின் பெயர்கள் மட்டுமே. மாணவியர் சேர்க்கப்பட்டது 1975இல்.