வாசிப்பே நிகழ்த்துதலாக: கைச்சிற்றேடுகளின்வழி அமையும் பார்வையாளர் அரங்கு

ஆய்வுச் சுருக்கம்

நடிகர், மேடை, ஒத்திகை ஆகிய மூன்றும் இன்றி, கையில் தரப்பட்ட சிறு ஏட்டைப் படிப்பவரே நிகழ்த்துநராகவும் காண்பவராகவும் அமையும் அரங்க வகை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. நியூயார்க், டோக்கியோ முதலிய நகரங்களில் 1959 முதல் வெளிவந்த அட்டைகள், சிற்றேடுகள், செயற்குறிப்பு நூல்கள் ஆகியவற்றிலிருந்து இவ்வகை வளர்ந்த முறையையும், ஏட்டின் மடிப்பும் ஏவல் மொழியும் நிகழ்வை வடிவமைக்கும் பாங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கைச்சிற்றேடு, பரிசோதனை அரங்கு, ஃபிளக்ஸஸ், செயற்குறிப்பு, வியங்கோள், மெய்ப்பாடு.

முன்னுரை

நாடகப் பனுவல் படிப்பதற்கும் நடிப்பதற்கும் உரியது என்பது பொதுவான கருத்து. படிப்பவர் ஒருவர், நடிப்பவர் வேறொருவர், காண்பவர் மற்றொருவர் என்னும் பகுப்பு இக்கருத்தின் அடியில் உள்ளது. இம்மூவரும் ஒருவரேயானால் அதனை அரங்கு என்று கூறலாகுமா என்பதே இங்கு எழும் வினா.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அறிவியற் புனைகதை ஆர்வலர்கள் 1930 முதல் அமெரிக்காவில் தாமே அச்சிட்டுப் பகிர்ந்த ஏடுகளுக்கு ‘ஃபேன்ஸீன்’ என்ற பெயர் வந்தது. அதன் ஈற்றுப் பகுதியே தனிச்சொல்லாக நிலைத்தது. அதனைத் தமிழில் ‘ஜீன்’ என்று எழுதினால் மரபணுவோடு மயங்கும். ‘சிற்றிதழ்’ என்ற சொல்லோ, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ போன்ற இலக்கிய ஏடுகளுக்கு உரியதாகிவிட்டது. ஆகவே இக்கட்டுரை ‘கைச்சிற்றேடு’ என்னும் சொல்லை ஆள்கிறது.

அட்டையிலிருந்து ஏட்டுக்கு

நியூயார்க்கின் ‘நியூ ஸ்கூல் ஃபார் சோஷியல் ரிசர்ச்’ கல்வி நிறுவனத்தில் ஜான் கேஜ் 1950களின் இறுதியில் நடத்திய இசையமைப்பு வகுப்பே இவ்வரலாற்றின் தொடக்கப்புள்ளி. ஆலன் காப்ரோ, ஜார்ஜ் பிரெக்ட், டிக் ஹிக்கின்ஸ் ஆகியோர் அவ்வகுப்பில் பயின்றவர்கள். (இவர் தமிழ் அரங்க ஆய்வாளர்கள் நன்கறிந்த பெர்டோல்ட் பிரெக்ட் அல்லர், வேதியியலாளராகப் பணிபுரிந்த அமெரிக்கர்.) இசைக்குறிப்பைச் சுரங்களின் பட்டியலாகக் கொள்ளாமல் ‘செய்ய வேண்டியவற்றின் குறிப்பு’ என்று கொண்டால், அதனைச் செயற்படுத்த இசைக்கலைஞர் தேவையில்லை, படிக்கத் தெரிந்தவர் போதும். இந்த முடிவை ஜார்ஜ் பிரெக்ட் தம் போக்கில் மிகத் தொலைவுக்குக் கொண்டுசென்றார்.

அவர் சில சொற்களே கொண்ட அட்டைகளை அச்சிட்டு நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஓர் அட்டை, வெற்றுக் கலம் ஒன்றில் நீர் சொட்டுமாறு அமைத்தலை மட்டுமே கூறுகிறது. மற்றொன்று, வெளியேறும் வழியைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. இவ்வட்டைகள் 1963இல் ‘வாட்டர் யாம்’ என்னும் பெயரில் ஒரு பெட்டிக்குள் திரட்டப்பட்டு, ஜார்ஜ் மச்சியூனஸ் வழிநடத்திய ஃபிளக்ஸஸ் வெளியீடாக வந்தன. 1961இல் பிரெக்ட் ஒரு கண்காட்சிக்காக மூன்று நாற்காலிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். கட்டடத்துக்கு வெளியே இருந்த மஞ்சள் நாற்காலியில் ஒரு பெண், அது கலைப்படைப்பு என்பதை அறியாமலே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இதனைப் பிரெக்ட் குறையாகக் கருதவில்லை. நிகழ்வு நிறைவேறியதாகவே மகிழ்ந்தார். நிகழ்த்துநர் தாம் நிகழ்த்துவதை அறிந்திருக்க வேண்டுமா என்னும் சிக்கலான வினா இங்கேயே தோன்றிவிடுகிறது.

யோகோ ஓனோவின் ‘கிரேப்ஃபுரூட்’ 1964இல் டோக்கியோவில் 500 படிகளாக அவருடைய சொந்த வெளியீடாக வந்தது. கையளவான அந்நூலின் குறிப்புகள் பல, உடலாற் செய்ய இயலாதவை. மனத்தில் மட்டுமே நிகழ்த்தத் தக்கவை. பிரெக்டின் அட்டை அன்றாடச் செயலை அரங்காகக் காட்டியது என்றால், ஓனோவின் பக்கம் கற்பனையையே மேடையாக்கியது. ஆய்வாளர்கள் இவ்விருவரையும் ஒரே வரிசையில் வைப்பது வழக்கம். எனினும் ‘வாசிப்பே நிகழ்த்துதல்’ என்னும் கூற்று முழுமையாகப் பொருந்துவது ஓனோவுக்கே.

ஹிக்கின்ஸ் நடத்திய ‘சம்திங் எல்ஸ் பிரஸ்’ 1965 முதல் 1967 வரை ‘கிரேட் பேர்’ என்னும் மலிவான சிற்றேட்டு வரிசையை வெளியிட்டது. ஆலிசன் நோல்ஸின் குறிப்புகள், காப்ரோவின் நிகழ்வுகள் முதலியன அவ்வரிசையில் வந்தன. நோல்ஸ் 1962இல் இலண்டனில் முதன்முதலாக நிகழ்த்திய காய்கறிக் கலவை தயாரிக்கும் நிகழ்வின் குறிப்பு, அடுக்களையில் எவரும் செய்யத்தக்கது. அச்சேட்டின் மலிவும் குறிப்பின் எளிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை. விலையுயர்ந்த நூலாக வந்திருப்பின் அதனை அடுக்களைக்கு எடுத்துச் செல்லும் துணிவு வாசகருக்கு வந்திராது.

மடிப்பும் திருப்பமும்

கைச்சிற்றேட்டின் மிக எளிய வடிவம் ஒரே தாளால் ஆனது. ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 74 மி.மீ. அகலமும் 105 மி.மீ. உயரமும் உடையது. நடுக்கோட்டில், இடையிலுள்ள இரு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கீறி மீண்டும் மடித்தால், தையலும் கம்பியும் இன்றி எட்டுப் பக்க ஏடு உருவாகும். தாளின் மறுபுறம் முழுவதும் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

இவ்வமைப்பே ஒரு நாடக இலக்கணமாகச் செயல்படுகிறது. முன்னட்டை, மூன்று இரட்டைப் பக்கங்கள், பின்னட்டை என வாசகர் காண்பது ஐந்து காட்சிநிலைகள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், வலப்பக்கத்தில் உள்ளதை இடப்பக்கம் மறைக்க இயலாது. எதிர்பாராத ஏவல் எதுவாயினும் அது பக்கத்தைத் திருப்பிய பின்னரே வர வேண்டும். திரை விழுவதும் எழுவதும் இங்கு வாசகரின் விரலில் உள்ளன. நிகழ்வின் விரைவையும் அவரே முடிவு செய்கிறார். கடைசிப் பக்கத்தில் ‘தாளை விரிக்க’ என்று எழுதினால், அதுவரை கையில் இருந்த நூல் மறைந்து, மறுபுறத்தில் ஒரு வரைபடமோ புதிய குறிப்போ தோன்றும். மேடையில் அரங்க அமைப்பை மாற்றப் பலர் உழைக்க வேண்டிய பணியை இத்தாள் ஒரு நொடியில் செய்துவிடுகிறது.

காப்ரோ 1970களில் உருவாக்கிய செயற்பாட்டுச் சிற்றேடுகளை இந்நோக்கில் காண்பது பயன்தரும். ‘ரொட்டீன்’, ‘கம்ஃபர்ட் சோன்ஸ்’ முதலியவற்றில் குறுந்தொடர்களும் ஒளிப்படங்களும் அருகருகே உள்ளன. இப்படங்களை முன்பு நடந்த நிகழ்வின் ஆவணம் என்று கருதுவது பிழை. இனிச் செய்யவேண்டியவற்றைக் காட்டும் பொருட்டு எடுக்கப்பட்டவை அவை. இருவர் ஒருவரையொருவர் நெருங்குதல், பார்வையைச் சந்தித்தல், விலகுதல் ஆகியனவே அவற்றின் ‘கதை’. பார்வையாளர் என்று எவரும் இல்லை.

ஏவலும் இசைவும்

காப்ரோவின் ‘18 ஹாப்பனிங்ஸ் இன் 6 பார்ட்ஸ்’ 1959 அக்டோபரில் நியூயார்க்கின் ரூபன் காட்சிக்கூடத்தில் நடந்தது. ஒளி ஊடுருவும் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட மூன்று அறைகளில் எங்கு அமர வேண்டும், எப்போது இடம் மாற வேண்டும் என்பதை வந்தோரிடம் தரப்பட்ட அட்டைகள் கூறின. ஒவ்வொரு பகுதிக்கும் பின் கைதட்டலாகாது. ஆறாம் பகுதி முடிந்ததும் விரும்பினால் தட்டலாம் என்பதும் குறிப்பில் இருந்தது. பார்வையாளரை விடுவிப்பதாகக் கூறிய அரங்கு, மரபரங்கு ஒருபோதும் விதிக்காத கட்டளைகளை அவர்கள்மேல் விதித்தது. இம்முரணைப் பாராட்டுரைகள் பலவும் கடந்துபோய்விடுகின்றன.

ஈரானிய நாடக ஆசிரியர் நாசிம் சுலைமான்பூர் இதனையே கருப்பொருளாக்கினார். கட்டாய இராணுவப் பணியை மறுத்ததால் நாட்டைவிட்டு வெளியேற இயலாதிருந்த அவர் எழுதிய ‘வெள்ளை முயல் சிவப்பு முயல்’ 2011 முதல் பல நாடுகளில் நிகழ்த்தப்படுகிறது. முன்பு பனுவலைக் கண்டிராத ஒரு நடிகர் முத்திரையிட்ட உறையை மேடையில் பிரித்துப் படிக்கிறார். பார்வையாளருள் சிலரும் எண்ணால் அழைக்கப்பட்டுச் செயலில் இறக்கப்படுகின்றனர். ஆசிரியர் இல்லாத இடத்தில் அவருடைய எழுத்து எவ்வளவு தூரம் கீழ்ப்படிய வைக்கும் என்பதே அதன் வினா. நூலகங்களில் இருவர் இருவராக அமர்ந்து, செவிப்பொறியில் கேட்கும் மென்குரலையும் முன்னுள்ள நூல்களையும் பின்தொடரும் ‘தி கொயட் வால்யூம்’ (ஆன்ட் ஹாம்ப்டன், டிம் எட்செல்ஸ், 2010) மென்மையான முறையில் அதே வினாவை எழுப்புகிறது. ஏட்டுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: மூடி வைத்துவிடலாம். நிரம்பிய அரங்கில் எழுந்து செல்வதற்கு வேண்டிய துணிவு இதற்குத் தேவையில்லை.

இக்குறிப்புகளைத் தமிழாக்குவோர் இவ்விடத்தில் ஓர் இலக்கணத் தேர்வைச் செய்தாக வேண்டும். ஆங்கில வினையடி, ஒருமை பன்மை வேறுபாடும் மதிப்பு வேறுபாடும் இன்றி ஏவலாகிவிடும். தமிழில் ‘நட’ என்பது அதிகாரம். ‘நடங்கள்’ என்பது விருந்தோம்பல். ‘நடக்க’ என்பது வேறு. நன்னூல் வியங்கோளை எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொதுவாக்குகிறது. வேண்டல், வாழ்த்தல் முதலிய பொருள்களும் அதற்கு உண்டு. எழுதியவர், படிப்பவர், செய்பவர் என்னும் எல்லை குழையும் ஏட்டுக்கு, முன்னிலையை மட்டும் சுட்டாத இவ்வடிவமே பொருத்தமானது. ஆயினும் இன்றைய வழக்கில் அது அறிவிப்புப் பலகையின் தொனியைப் பெற்றுவிட்டதை மறுப்பதற்கில்லை.

மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர் செயிற்றியத்தை மேற்கோளாகக் காட்டி, செய்பவனிடத்துள்ளது காண்பவனிடம் சென்றடைவதை மெய்ப்பாடு என விளக்குகிறார். ஃபிளக்ஸஸுக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஆனால் செல்வதற்குத் தொலைவே இல்லாதபோது என்ன நிகழ்கிறது என்று கேட்பதற்கு இக்கருத்து உதவுகிறது. ஓனோவின் குறிப்பைப் படிப்பவரின் கண்ணீரோ சிரிப்போ எவரையும் சென்றடைவதில்லை. அருகிலிருப்பவர் காண்பது தாளை நோக்கிய ஒரு முகத்தை மட்டுமே.

காப்பும் பயன்பாடும்

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கில்பர்ட், லைலா சில்வர்மன் ஃபிளக்ஸஸ் தொகுப்பை 2008இல் கொடையாகப் பெற்றது. காப்ரோவின் தாள்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. கையால் கலைத்து அடுக்குவதற்காக அச்சிடப்பட்ட அட்டைகள் இத்தகைய இடங்களில் கண்ணாடிப் பேழைக்குள் செல்கின்றன. ஒரே பக்கம் திறந்து வைக்கப்பட்ட ஏட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்ப எவராலும் இயலாது. அதாவது நிகழ்வு முதற்காட்சியிலேயே நிறுத்தப்படுகிறது. தாளைக் காப்பதற்கு இது தேவை என்பதில் ஐயமில்லை. குறிப்பின் படிகளை மலிவாக அச்சிட்டுப் பேழையின் அருகே அடுக்கி வைத்தல் கடினமன்று. முதற்படியின் அருமை குறித்த எண்ணமே பெரும்பாலும் அதற்குத் தடையாகிறது.

பழைய நிகழ்வுகளை அவ்வாறே திரும்பச் செய்வதைக் காப்ரோ விரும்பவில்லை. ‘மறு கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லையே அவர் தேர்ந்தார். ஆயினும் 2006இல், அவர் மறைந்த ஆண்டில், ஆந்த்ரே லெபெக்கி மியூனிக்கில் ‘18 ஹாப்பனிங்ஸ்’ நிகழ்வைக் காப்ரோவின் குறிப்புகளைக் கொண்டு மீண்டும் உருவாக்கினார். 1959இன் பார்வையாளர் பெற்ற அட்டைகளுக்கு நிகராக, 2006இன் பார்வையாளரும் எங்கு அமர்வது, எப்போது எழுவது என்பதைப் படித்தறிந்தே அறை மாறினர்.