புள்ளிராஜா விளம்பரம் ஹிட்டுதான்... மக்கள் மாறினாங்களா? கண்டுபிடிப்பது எப்படி?

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' 2003-ல் தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான். அப்போ பிரசாரம் வெற்றியா? அவசரப்பட வேண்டாம்.

எதை அளக்கணும்?

விளம்பரம் ஞாபகம் இருக்கா என்பது முதல் படி. நோய் எப்படிப் பரவும்னு தெரியுமா என்பது இரண்டாவது. ஆணுறை பயன்படுத்துறாங்களா என்பதுதான் மூன்றாவது, முக்கியமான படி.

இதற்காகவே சென்னை வி.எச்.எஸ்-ன் ஏபேக் திட்டம், 1996 முதல் லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள் உள்ளிட்டோரிடம் ஆண்டுதோறும் சர்வே எடுத்தது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் மாற்றம் புரியும்.

சிக்கல் எங்கே?

மாற்றம் விளம்பரத்தால் வந்ததா, நேரடி ஆலோசனையால் வந்ததா? விளம்பரம் போகாத ஊரோடு ஒப்பிட்டால் தெரியும். ஆனா அப்படி ஓர் ஊர் கிடைக்கணுமே! புதுச்சேரியின் காட்டேரிக்குப்பத்தில் அரசு வேறு. வீட்டில் ஓடுவதோ சென்னை டிவி. சிக்னலுக்கு ஏது எல்லை?

என்ன வழி?

பிரசாரத்துக்கு முன்பே ஒரு சர்வே எடுக்கணும். அது இல்லாமல் முடிந்தபின் கணக்குப் பார்த்தால், எவ்வளவு பேர் பார்த்தாங்கன்னு சொல்லலாம். எத்தனை பேர் நோயிலிருந்து தப்பிச்சாங்கன்னு சொல்ல முடியாது.