நெசவாளர் வீட்டுப் பெண்ணும் பொறியியற் கல்லூரியும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், ஈரோடு மாவட்டத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆய்வுப் பணியின் பொருட்டு மூன்று நாள் தங்க நேர்ந்தது. நூல் இருப்பையும் துணி இருப்பையும் சரிபார்த்து முடித்தபின் அங்கத்தினரின் சேமிப்பு நிதிக் கணக்கைப் புரட்டிக் கொண்டிருந்தேன். ஓர் அங்கத்தினர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளாக, ஒவ்வொரு வைகாசியிலும், எடுக்கக்கூடிய தொகை முழுவதையும் எடுத்திருந்தது கண்ணிற் பட்டது. சங்கக் கணக்கரைக் கேட்டேன். “பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு” என்றார்.

அன்று மாலை அந்த அங்கத்தினரே கூலி வாங்க வந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்பு வரை உள்ளூர் அரசுப் பள்ளியிற் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. பொறியியல் படிக்க வேண்டுமானால் ஆங்கில வழியே தக்கது என்று எவரோ சொல்லக் கேட்டு, ஒன்பதாம் வகுப்பில் அவளை நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றிற் சேர்த்தார். நான்கு ஆண்டுகளில் சேமிப்பு நிதி கரைந்தது. மனைவியின் கம்மல் அடகுக்குச் சென்றது. பெண்ணும் குறை வைக்கவில்லை. நல்ல மதிப்பெண்ணே பெற்றாள். ஆயினும் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இடம் கிட்டவில்லை. கிட்டிய தனியார் கல்லூரியிலோ, முதற் பட்டதாரிச் சலுகை போக, விடுதிக்கும் பேருந்துக்கும் இன்ன பிற கட்டணங்களுக்கும் கட்ட வழியில்லை. அதே தெருவில், எட்டாம் வகுப்பு வரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றொரு பெண், அரசுப் பள்ளியிலேயே இருந்து, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்று, கோயம்புத்தூரில் அரசுப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்துவிட்டாள். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே செலுத்துகிறது.

“கடன் வாங்கிப் படிக்க வெச்சது தப்புங்களா, சார்?” என்று அவர் கேட்டார். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

நடந்தது இதுதான். 2020-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்புக்கும், 2021-ஆம் ஆண்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும், அரசுப் பள்ளி மாணவர்க்கென நூற்றுக்கு ஏழரை இடங்களை ஒதுக்கித் தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில், நீட் தேர்வு எழுதி அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. சட்டம் வந்த முதலாண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டோர் சென்றனர். ஆனால் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருத்தல் வேண்டும். நம் அங்கத்தினர் தம் மகளை ஒன்பதாம் வகுப்பில் மாற்றியபோதே, தாம் அறியாமல், அந்தக் கதவைச் சாத்திவிட்டார். அதற்காகப் பணமும் கட்டினார்.

நிபந்தனை கடுமையானதா என்று சிலர் வினவக்கூடும். எட்டு ஆண்டு தனியார் பள்ளியிற் படித்துவிட்டு இறுதி இரண்டாண்டுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு ஓடிவருவோரைத் தடுக்க வேறு வழியில்லை என்பதே என் கருத்து. அந்தக் குடும்பத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது இக்கருத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கிலேயே சேரும். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிகள் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. நெசவாளர் ஊர்கள் பலவற்றில் பழைய உதவி பெறும் பள்ளிகளே பெரியவை. எனவே இதை அங்கத்தினர் கவனித்துக்கொள்ளுதல் நலம்.

அறிவியல், தொழில்நுட்பக் கல்வியில் யாருக்கு எத்தனை இடம் என்ற கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி, தொழிற் கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கு வகுக்கப்பட்டிருந்தது. இதை எதிர்த்து இருவர் வழக்குத் தொடுத்தனர். ஒருவர் வேண்டியது மருத்துவக் கல்லூரி, மற்றவர் வேண்டியது கிண்டிப் பொறியியற் கல்லூரி. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சென்னையில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது; பிற்பட்ட வகுப்பினர்க்கென அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற பிரிவு அதனால் சேர்க்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கலந்தாய்வில் பெறும் இட ஒதுக்கீடு அந்த வேரில் முளைத்தது.

அந்தப் பதினான்கு பங்கிலும் பெண்ணுக்கென்று ஒரு பங்கு இல்லை. அப்பேச்சே அக்காலத்தில் எழவில்லை. ஆயினும் அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கிண்டியில் ஒரு பெண் பொறியியற் பட்டம் பெற்றிருந்தார். அவர் பெயர் லலிதா. பதினைந்து வயதில் திருமணம். 1937-இல், பதினெட்டாம் வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். தந்தை பப்பு சுப்பா ராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி இசைவு பெற்று, 1940-இல் மகளை மின்பொறியியலில் சேர்த்தார். குழந்தையை உறவினர் வீட்டில் விட்டு, விடுதியில் தங்கி, வார இறுதியில் போய்ப் பார்த்து வந்தார் லலிதா.

இவ்வரலாற்றைப் பலரும் துணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்து நடந்தது. நூற்றுக்கணக்கான ஆண் மாணவரிடையே ஒற்றைப் பெண்ணாக இருப்பதன் தனிமை லலிதாவை வருத்தியது. எவரும் அவருக்குத் தீங்கு செய்ததாகச் செய்தி இல்லை, தனிமையே போதுமாயிருந்தது. மேலும் சில பெண்களைச் சேர்க்கத் தந்தை கல்லூரியை இசையச் செய்தார். அவ்வாறு சிவில் பொறியியலில் சேர்ந்தவர்களே லீலம்மா ஜார்ஜும் தெரேசியாவும். போர்க்காலத்தில் படிப்புக் காலம் சுருக்கப்பட்டமையால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றனர். சான்றிதழில் ஆண்பாற் சொல் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தனர். லலிதா பின்னர்க் கல்கத்தாவில் மின்சாதன நிறுவனம் ஒன்றிற் பணியாற்றி, 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டிற் கலந்துகொண்டார். தெரேசியா 1971-இல் கேரள அரசின் தலைமைப் பொறியாளரானார்.

ஓர் ஊரிலிருந்து ஒரு பெண்ணை மட்டும் அனுப்பாமல் இரண்டு மூன்று பெண்களைச் சேர்த்து அனுப்புங்கள் என்று நான் செல்லுமிடமெல்லாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

நிற்க. பெண்கள் இன்று அறிவியல் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல் பிரிவில் பயின்ற 57.2 இலட்சம் பேரில் 29.8 இலட்சம் பேர் பெண்கள். அதாவது பாதிக்கும் மேல். ஆனால் பொறியியலில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. ஐ.ஐ.டி. நிறுவனங்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதிருந்து, 2018-இல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தியபின்பே 2020-இல் ஐந்தில் ஒரு பங்கை எட்டினர். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஊர்களைச் சுற்றி வருவோர் எளிதில் அறியலாம். இயற்பியலோ வேதியியலோ படிக்கத் தாலுக்காக் கல்லூரி போதும்; காலைப் பேருந்தில் போன பெண் மாலைப் பேருந்தில் வந்து தார் சுற்றலாம். பொறியியற் கல்லூரியோ விடுதியைக் கேட்கிறது. பெண்ணையும் அவள் கையையும் நான்கு ஆண்டுக்கு வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கையின் விலையைக் கைத்தறி வீட்டார் அறிவர். ஒரு குழித்தறி ஓடத் தறியில் ஓர் ஆளும், இராட்டையில் ஓர் ஆளும் வேண்டும். என் வீட்டிலும் அப்படித்தான். என் தமக்கை பத்தாம் வகுப்போடு இராட்டைக்கு உட்கார்ந்தாள். நான் பட்டப் படிப்புக்குச் சென்றேன். கணக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம், சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம். இத்தனை முழப் பாவுக்கு இத்தனை இழை என்றால் எத்தனை பவுண்டு நூல் என்பதைத் தாள் இல்லாமலே சொல்வாள். அது கணக்கென்றோ, அதற்கு ஒரு கல்லூரி உண்டென்றோ எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. ஜக்கார்டு தறியின் துளை அட்டையைக் கண்டே பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு அட்டை முறையை எடுத்துக்கொண்டார் என்பதை நான் கல்லூரியில் படித்தறிந்தேன். ஊருக்கு வந்து அவளிடம் சொன்னபோது, “அட்டையை மாற்றிப் போட்டால் பூ மாறும், அவ்வளவுதானே?” என்றாள்.

2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என அமைந்தது. 2024-இல் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியர்க்கும் அது விரிந்தது. நன்றே. ஆனால் அத்தொகை தார் சுற்றும் கைக்கு ஈடாகுமா என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். ஈடாகாது என்றே உண்மையைச் சொன்னேன்.

ஆதலால் சட்டமும் திட்டமும் முடியும் இடத்தில் சங்கம் தொடங்க வேண்டியிருக்கிறது. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளையின் போக்கு மூன்று இடங்களில் முடிவாகிறது. மூன்றும் கல்லூரி வாயிலுக்கு வெகு முன்னே வருவன. முதலாவது பள்ளி மாற்றம். அதை மேலே கூறினேன். இரண்டாவது, பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு. பொறியியற் கலந்தாய்வின் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்குக் கடினம், பெண்ணுக்கு எதற்கு என்று வேறு பிரிவில் சேர்த்துவிட்டால் அவ்வழி அன்றோடு அடைபடும். வேளாண் கல்லூரியை நாடும் விவசாய அங்கத்தினரும் பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே எந்தப் பாடங்கள் வேண்டும் எனக் கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, முதற் பட்டதாரிச் சான்று. 2010 முதல் வந்த இச்சலுகை குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கே உரியது. ஒருவர் பட்டம் பெற்றுவிட்டால் அடுத்தவர்க்கு இல்லை. மூத்தவன் ஏதோ ஒரு பட்டம் வாங்கி வீட்டிலிருக்க, பொறியியல் இடம் பெற்ற தங்கை சலுகையின்றித் திரும்பிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். விதியை மாற்றுவது நம் கையில் இல்லை. தங்கைக்கு வேறு உதவி தேடுவது நம் கையில் உண்டு.

அத்தகைய உதவிகளில் நெசவாளர்க்கே உரிய ஒன்றைப் பலர் அறியார். ஒன்றிய அரசின் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில், அரசு அங்கீகாரமும் நிதியும் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் பயிலும் கைத்தறித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, குடும்பத்திற்கு இருவர் வரை, ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரையில் உதவித்தொகை வகுக்கப்பட்டுள்ளது. 1960-இல் சேலத்தில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நமக்கு அருகிலேயே உள்ளது. தறியை அறிந்த பெண் அங்கே முன் வரிசையில் உட்காரத் தக்கவள்.

அந்தச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் இவற்றைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் தந்தார்கள். ஒரு மூத்த அங்கத்தினர் எழுந்து, “துணி தேங்கிக் கிடக்குது, கூலி பாக்கி நிக்குது. பிள்ளைக எங்க படிக்குதுன்னு பாக்கறதா சங்கத்து வேலை?” என்றார். தவறான கேள்வி அன்று. பாக்கி நின்றது உண்மை. விவாதம் நீண்டது. முடிவில், துணைவிதிகள் இடம் தரும் அளவுக்குப் பொது நல நிதியிலிருந்து, முதலாண்டு மாணவியர்க்கு விடுதி சேர்ந்த முதல் மாதச் செலவை அளிப்பதென்று ஒரு தீர்மானம் சிறு வேறுபாட்டில் நிறைவேறியது. சங்கத்துக் கணிப்பொறியில் விண்ணப்பம் பதிந்து தருவதாகக் கணக்கர் தாமே முன்வந்தார். அவர் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு என்பதைப் பின்னர் அறிந்தேன், அதனாலென்ன?

இவ்வாண்டு தை மாதம் மறு ஆய்வுக்குச் சென்றேன். நூல் விலைப் பலகையின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிக்கும் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர்கள். எதிரே பள்ளியின் பெயர். அதற்கும் எதிரே “கேட்டாயிற்று” என்று ஒரு கட்டம். நான்கு ஆண்டு சேமிப்பு நிதி எடுத்த அந்த அங்கத்தினரின் மூத்த மகள் இப்போது தாலுக்காக் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். இளையவள் எட்டாம் வகுப்பு. பட்டியலில் மூன்றாம் பெயர். பள்ளி மாற்றம் வேண்டாம் என்று தகப்பனார் கையெழுத்திட்டிருந்தார்.