பள்ளி மண்டபத்தில் திரைப்படம்: படவீழ்த்தி வாங்கும் முன்



தமிழ்மொழிக் கழகத்தின் வழி பள்ளியிலேயே படம் போடலாம் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. மேல் படிவத்தில் தமிழை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாணவரை மண்டபத்திற்குள் வரவைக்க ஒரு நல்ல படம் போதும். ஆனால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் கொடுப்பது ஒரு தடவைதான். அதனால கடைக்குப் போகும் முன்னே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

கடையில் முதலில் '4கே' பற்றித்தான் பேசுவார்கள். நாம் தொடங்க வேண்டிய இடம் கடைசி வரிசை நாற்காலி.

1. திரை எவ்வளவு பெரிசு?

திரையிலிருந்து கடைசி வரிசைக்கு உள்ள தூரத்தை அளந்து 6-ஆல் வகுங்கள். குறைந்தது அவ்வளவு உயரம் படத்திற்கு வேண்டும். தூரம் 9 மீட்டர் என்றால் உயரம் 1.5 மீட்டர். இதற்குக் கீழே போனால் பின்னால் இருப்பவர்களுக்குச் சப்டைட்டில் படிக்கச் சிரமம்.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் 'ஸ்கோப்' வடிவத்தில் வருகின்றன. உயரம் 1 என்றால் அகலம் 2.39. ஆகவே, 1.5 மீட்டர் உயரத்திற்கு ஏறக்குறைய 3.6 மீட்டர் அகலம் தேவை. நாம் 'எல்சிடி' என்று கூப்பிடும் பள்ளிப் படவீழ்த்திகள் பல 16:9 வடிவம். அதில் 3.6 மீட்டர் அகலம் வந்தால் ஒளி விழும் உயரம் 2 மீட்டர். படத்திற்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும். மொத்தப் பரப்பு 7.2 சதுர மீட்டர்.

2. எத்தனை லூமென்?

திரையரங்குகளுக்கான டிசிஐ தரத்தில் வெள்ளை நிறத்தின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. சாதாரண வெள்ளைத் திரையில் அதைக் கொண்டுவர, சதுர மீட்டருக்குச் சுமார் 150 லூமென் வேண்டும். நம் கணக்கு: 7.2 × 150 = 1,080 லூமென்.

விளக்கு பழசாகும்போது வெளிச்சம் பாதியாகக்கூடக் குறையும். அதனால் இரட்டிப்பாக வைத்துக்கொள்வோம். 2,500 முதல் 3,000 லூமென் தாராளம். பெட்டியில் 'ஏஎன்எஸ்ஐ' அல்லது 'ஐஎஸ்ஓ' லூமென் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் பெரிய எண் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

3. இருட்டுக்கு முதலில் செலவு செய்யுங்கள்

படவீழ்த்தியால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. ஒளி விழாத இடம்தான் கறுப்பு. வகுப்பறை விளக்குக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 300 லக்ஸ். அதில் பாதி திரைமேல் விழுந்தாலே போச்சு! நம் படவீழ்த்தி தரும் வெள்ளையும் அதே 150 லக்ஸ்தான். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துவிடும். இரவுக் காட்சியில் முகமே தெரியாது. இன்னும் விலை கூடின படவீழ்த்தியை வாங்குவதைவிட, சன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் திரைச்சீலை போடுவது நல்லது.

4. எங்கே வைப்பது?

விவரக்குறிப்பில் வீச்சு விகிதம் என்று ஓர் எண் இருக்கும். அதைத் திரையின் அகலத்தால் பெருக்கினால் படவீழ்த்தியை வைக்கும் தூரம் கிடைக்கும். விகிதம் 1.5 என்றால், 3.6 × 1.5 = 5.4 மீட்டர். அந்த இடத்தில் தூணோ மின்விசிறியோ மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாய்த்து வைத்துவிட்டு, கோணலைப் பொத்தானால் சரிசெய்தால் படத்தின் தெளிவு குறையும். நேராக வைப்பதே முறை.

5. ஒலி

நமக்கு இது மொழிப்பாடம். ல, ள, ழ வேறுபாடு காதில் விழவில்லை என்றால் படம் போட்டும் பயனில்லை. படவீழ்த்திக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி மண்டபத்திற்குப் போதாது. அதோடு, வசனம் திரைப்பக்கமிருந்து வராமல் மாணவர் நடுவிலிருந்தோ பின்னாலிருந்தோ வரும். இரண்டு தனி ஒலிபெருக்கிகளைத் திரையின் இரு பக்கமும் காது உயரத்திற்குச் சற்று மேலே வையுங்கள். சிமெண்டுச் சுவரின் எதிரொலியைக் குறைக்கவும் அந்தத் தடித்த திரைச்சீலை உதவும்.

6. நமக்குத் தேவையில்லாதவை

சிறிய திரையரங்கு புதுப்படம் வெளியிட வேண்டுமானால், பூட்டிய டிஜிட்டல் கோப்பைத் திறக்கும் சர்வரும் டிசிஐ அங்கீகாரம் பெற்ற படவீழ்த்தியும் வேண்டும். பள்ளிக்கு அது வேண்டாம். புளூரே வட்டுக்கு 1920 × 1080 புள்ளிகள் போதும். லேசர் வகைக்கு விலை அதிகம், ஆனால் சுமார் 20,000 மணி நேரம் உழைக்கும். மாதம் ஒரு படத்திற்கு மட்டும் என்றால் விளக்கு வகையே போதும்; மாற்று விளக்கின் விலையை மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஒரு விஷயம்: வீட்டுக்காக எடுத்த இணையச் சந்தா பள்ளித் திரையிடலுக்குச் செல்லாது. உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுங்கள்.

வாங்குவதற்கு முன், கடையிலிருந்து படவீழ்த்தியைப் பள்ளிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். இரவுக் காட்சி உள்ள படத்தைப் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முகம் தெரிந்து, சப்டைட்டில் படிக்க முடிந்து, வசனமும் தெளிவாகக் கேட்டால் தயங்காமல் வாங்கலாம்.