உஷார்! ‘சமர்த்தாக்கித் தருகிறோம்’ என்கிறார்கள்

ஏப்ரல் பிறந்தால் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வரும். 2-ஆம் தேதி உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். பின்னாலேயே முழுப் பரீட்சை லீவு. உடனே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் நோட்டீஸ்கள் குவியத் தொடங்கும். ‘ஆட்டிசம், ஏடிஹெச்டி குழந்தைகளுக்குக் கோடைப் பயிற்சி’, ‘எல்லோருடனும் கலகலப்பாகப் பழகுவார்கள்’, ‘அடம் அடங்கும், கோபம் குறையும்’. கூடவே ஒரு வீடியோ. முதல் பாதியில் ஒரு பையன் தரையில் புரண்டு அழுகிறான். அடுத்த பாதியில் அதே பையன் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்து ‘குட் மார்னிங்’ சொல்கிறான். பார்க்கிற அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். கை தானாக ஜிபே பக்கம் போகும்.

கொஞ்சம் நில்லுங்கள். அந்த வீடியோவில் உங்களைப் பயமுறுத்த வேண்டியது முதல் பாதி இல்லை, இரண்டாம் பாதி. (ஒரு குழந்தை அழுததைப் படம் பிடித்து விளம்பரமாக ஊருக்கே அனுப்புகிறவர்களிடம் இன்னொரு குழந்தையை ஒப்படைப்பது எப்படி என்பது தனிக் கேள்வி.)

முதலில் இதை நடத்துவது யார் என்று பார்ப்போம். மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்து, ரப்பர் பாய் விரித்து, ஒரு ஊஞ்சலைத் தொங்கவிட்டு, நாலு பெரிய பந்தை உருட்டிவிட்டால் தெரபி சென்டர் தயார். ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்றவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு செய்தவருக்கு சிஆர்ஆர் எண் என்று ஒன்று இருக்கும். கேட்டு வாங்கிக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! நகரத்து சென்டர்கள் பலவற்றில் இரண்டு வகுப்புக் கட்டணமே அதைத் தாண்டிவிடும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் இந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை. அவர்களுக்கான தேசிய அளவிலான சட்டம் 2021-இல்தான் வந்தது. அவர்களிடம் டிகிரி சான்றிதழைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர்கள் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக் காட்டுவார்கள்.

சான்றிதழ் இருந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

‘பழகும் திறன்’ என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது கீழ்ப்படிதல் பயிற்சி. கண்ணைப் பார்த்துப் பேசு. கையை ஆட்டாதே. கேட்டதற்குப் பதில் சொல். சொன்னால் ஒரு சிப்ஸ், சொல்லாவிட்டால் சிப்ஸ் பாக்கெட் டப்பாவுக்குள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாடையைப் பிடித்து நேராக்குவது, எழுந்து ஓடினால் தோளை அழுத்தி உட்காரவைப்பது. இதன் வேர் பழையது. 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயிற்சி தந்தார். அதட்டலும் அறையும் அதில் அடக்கம். 1965-இல் ‘லைஃப்’ பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் ‘சாதாரண’ நிலையை எட்டியதாகச் சொன்னார். அறைவது இன்று பெரும்பாலும் போய்விட்டது. அந்த முறையின் வழிவந்தவர்களில் குழந்தையின் போக்கிலேயே போய் விளையாட்டாகக் கற்றுத்தருகிற நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘மற்றப் பிள்ளைகள் மாதிரி தெரிய வேண்டும்’ என்ற அந்தக் குறிக்கோள் மட்டும் நம் ஊர் மாடி போர்ஷன் வரை வந்து சேர்ந்துவிட்டது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்கிறீர்களா? பெரியவர் யார் சொன்னாலும் செய்ய வேண்டும், தொட்டால் விலகக் கூடாது, பிடிக்காவிட்டாலும் சிரிக்க வேண்டும் என்று தினமும் ஒரு மணி நேரம் பழக்கப்பட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை வேன் டிரைவரோடு போகிறது. டியூஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போகிறது. கல்யாண மண்டபத்தில் தூரத்துச் சொந்தக்காரர் மடியில் உட்காரவைக்கப்படுகிறது. அங்கே தப்பு நடந்தால் எதை வைத்துத் தடுக்கும்?

உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2012-இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். குறைபாடுள்ள குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு. மனநலம் அல்லது அறிவுத்திறன் சார்ந்த குறைபாடுள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 4.6 மடங்கு. இந்தக் குழந்தைகளில் பலருக்குக் குளிக்க, உடை மாற்ற, கழிவறைக்குப் போக வெகுகாலம் வேறொருவர் உதவி தேவைப்படுகிறது. நடந்ததைக் கோவையாகச் சொல்லத் தெரியாது. சொன்னாலும் ‘அவன் அப்படித்தான் எதையாவது உளறுவான்’ என்று தள்ளிவிடும் உலகம் இது. தவறு செய்ய நினைப்பவனுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

ஆகவே, பள்ளிக்கு வெளியே இந்தக் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பழகும் திறன் ‘வணக்கம்’ இல்லை, ‘வேண்டாம்’. அதை வகுப்பில் வாங்க முடியாது, வீட்டில்தான் வரும். கிச்சுகிச்சு மூட்டும்போது குழந்தை ‘போதும்’ என்றால், அல்லது கையால் தள்ளினால், அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை என்று சிரித்துக்கொண்டே தொடராதீர்கள். ‘மாமாவுக்கு ஒரு முத்தா குடு’ என்று யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பீன்ஸ் பொரியல் வேண்டாம் என்றால் ஒருநாள் வேண்டாம்தான். தலை சீவுமுன், உடை மாற்றுமுன், ‘இப்போ சட்டையைக் கழட்டப்போறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். சொல்லாமல் தொடுவது முறையில்லை என்பது அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் பிடிபடும்.

பேச்சு வராத குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். படம் காட்டிப் பேசும் அட்டைகளையும், சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலிகளையும் பல வீடுகளில் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். தண்ணீர், பிஸ்கட், பாத்ரூம், டாட்டா, கார். எல்லாம் கேட்டு வாங்கும் சொற்கள். ‘நிறுத்து’, ‘வலிக்குது’, ‘பயமா இருக்கு’, ‘அவர் வேண்டாம்’ எங்கே? உடல் உறுப்புகளின் பெயர்கள், அந்தரங்க உறுப்புகள் உட்பட, எங்கே? இல்லாத சொல்லை எந்தக் குழந்தையாலும் சொல்ல முடியாது. பேசுகிற, படிக்கிற குழந்தை என்றால் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலைச் சேர்ந்து படியுங்கள். தப்பான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளுக்காக எழுதப்பட்டு 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஆட்டிசம் பற்றியும் தமிழில் விரிவாக எழுதிவருபவர் அவர்.

ஆசையாகப் போன இடத்துக்குத் திடீரென்று செருப்புப் போட மறுக்கிறது, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வருகிறது, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது, தூக்கம் கெடுகிறது என்றால் ‘ஆட்டிசம் இருந்தா அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். எந்த இடம், எந்த ஆள், எப்போதிலிருந்து என்று பின்னோக்கிப் பாருங்கள். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடலாம். போக்ஸோ சட்டத்தின்படி விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆகவேண்டும். இந்தக் குழந்தைகளின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பு ஆசிரியரின், அல்லது குழந்தையின் பேச்சுமுறை தெரிந்தவரின் உதவியைப் பெறவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ‘இவன் சொல்றதை யார் நம்புவாங்க’ என்று காவல் நிலைய வாசலிலேயே யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் இது நினைவில் இருக்கட்டும்.

அடுத்த சிவப்பு விளக்கு, மூடிய கதவு. ‘அம்மா இருந்தா குழந்தை ஒத்துழைக்காது, வெளியே உட்காருங்க’ என்பார்கள். முதல் சில நாட்கள் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோ பார்க்கவும் விடமாட்டோம் என்றால் சேர்க்காதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம். அறைக்குள் கற்றது அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பது இன்னொன்று. டீச்சரிடம் பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் குழந்தை, அபார்ட்மென்ட் வாசலில் நாலு பையன்கள் ஆடும்போது எப்படிச் சேர்வது என்று தெரியாமல் நிற்கும். லோவாஸ் இருந்த அதே பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் எலிசபெத் லாகெசன் உருவாக்கிய ‘பியர்ஸ்’ என்ற பயிற்சியில், பதின்வயதினர் ஓர் அறையில் இருக்கும்போது பெற்றோருக்குப் பக்கத்து அறையில் தனி வகுப்பு நடக்கும். நண்பரை வீட்டுக்கு அழைப்பதுதான் வீட்டுப்பாடம். நமக்குப் பக்கத்திலேயே கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள்தான் குடும்பங்களைச் சந்தித்தார்கள். குழந்தையோடு விளையாடும் வீடியோவைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, எங்கே குழந்தை கூப்பிட்டது, எங்கே நாம் கவனிக்கவில்லை என்று பேசினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கில் போகப் பழகினார்கள். குழந்தைகள் தாங்களாகவே அவர்களை நாடுவது கூடியது. ஏசி அறையோ ஊஞ்சலோ அதற்குத் தேவைப்படவில்லை.

பள்ளியில் தங்கம், வீட்டுக்கு வந்ததும் பிசாசு என்று ஒரு பிரச்சினை இருக்கிறது. உடனே அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ‘மற்றவர் மாதிரி’ நடித்துவிட்டு வரும் குழந்தை, வெடிக்கப் பயமில்லாத ஒரே இடத்தில் வெடிக்கிறது. அந்தச் சமயம் பார்த்து, மாலை 5 மணிக்கு இன்னொரு நடிப்பு வகுப்பில் கொண்டுபோய் விடுகிறோம். பிரிட்டனில் சாரா காசிடி குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடையே இப்படித் தன்னை மறைத்துக்கொள்வது தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. என்னைக் கேட்டால், பள்ளி விட்ட முதல் ஒரு மணி நேரம் எந்த வகுப்பும் வேண்டாம். ஒன்றும் கேட்காமல் தின்ன ஏதாவது கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் படுத்தாலும் ஃபேனையே பார்த்தாலும் விட்டுவிடுங்கள்.

‘யாரோடும் பழகத் தெரியாது’ என்ற முத்திரையையும் சந்தேகப்படுங்கள். 2020-இல் எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு சோதனை நடத்தியது. எட்டெட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். எல்லோரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களாக இருந்த சங்கிலியிலும், ஒருவருக்குமே இல்லாத சங்கிலியிலும் கதை ஒரே அளவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்திருந்த சங்கிலியில்தான் அதிகமாகச் சிதைந்தது. கோளாறு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. ரயில் எண்களை மனப்பாடமாகச் சொல்லும் பையனுக்கு, அதைக் காது கொடுத்துக் கேட்கும் இன்னொரு ரயில் பைத்தியம் கிடைத்தால் போதும். இருவரும் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தண்டவாளம் அடுக்கினாலும் அது நட்புதான்.

கல்யாண மண்டபம், திருவிழா, தீபாவளி பற்றி ஒன்று. கெட்டிமேளம் கொட்டும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தை அடம் பிடிக்கவில்லை; அந்தச் சத்தம் அதற்கு வலிக்கிறது. அந்த நேரத்தில் புத்தி சொன்னால் ஏறாது, அடித்தால் இன்னும் மோசமாகும். வாசலோரம் உட்காருங்கள், காது மூடும் ஹெட்ஃபோன் எடுத்துப்போங்கள், வெளியேறும் வழியைப் போனதுமே குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். என்ன ஆச்சு என்று பேசுவதெல்லாம் அடங்கிய பிறகு, வீட்டில்.

‘குணப்படுத்துகிறோம்’ கோஷ்டியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஸ்டெம்செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல, செய்வது தொழில் ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்க வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ‘மிராக்கிள்’ என்று பெயர் வைத்து விற்கப்பட்ட ஒரு திரவம் உண்மையில் துணி வெளுக்கும் ப்ளீச் வகை. குழந்தையின் வாயில் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது.

பணமில்லாதவர்கள் ஏமாற வேண்டிய அவசியமும் இல்லை. மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் டிஇஐசி எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை விசாரியுங்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. காத்திருக்க நேரும், அலைச்சல் உண்டு. ஆனாலும் தகுதி பார்த்து அமர்த்தப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

தனியாரிடம்தான் போவது என்று முடிவு செய்தால், சேர்க்கும் முன் ஒன்று கேளுங்கள்: “என் குழந்தை வேண்டாம்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?” ‘அதெல்லாம் ஒரே வாரத்துல பழக்கிடுவோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ‘ஏன் வேண்டாங்குதுன்னு பார்ப்போம், விட்டுப் பிடிப்போம்’ என்றால் ஒரு வகுப்பு முழுக்க உள்ளே உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகும் மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். ரசீதில் சென்டர் பெயர் மட்டும் போதாது. குழந்தையோடு அறையில் இருப்பவர் பெயரும் பதிவு எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள்.